வெளியேறு என்ற பொத்தான்

16 மே 2000, செவ்வாய், சமபுலா

காலை ஏழு மணிக்கு மகன் ட்ராய் தொலைபேசிக் கம்பியைக் கணினியில் மாட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். முப்பத்தொரு கடிதங்கள். இருபத்தெட்டில் நிறுத்தக்குறி ஒழுங்காக இல்லை.

"புபு, காலையெல்லாம் அந்தப் பெட்டியில் என்னதான் செய்கிறீர்கள்?" என்று பக்கத்து வீட்டு லிட்டியா நேற்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள். புபு என்றால் அவர்கள் பேச்சில் பாட்டி. கணினியைத் திறந்ததும் தெரிகிற பட்டியல், பொத்தான், சன்னல் எல்லாம் சேர்ந்ததற்கு பெர்கோலா என்று பேர். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். பத்துப் பன்னிரண்டு தேசத்து ஆட்கள் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டே அதைச் செய்கிறார்கள். அதன் தமிழ் என் பொறுப்பு என்றேன். அவள் சிரித்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு இரண்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

பொறுப்பு என் தலையில் விழுந்தது என் குணத்தால்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ட்ராய் இதை வீட்டுக் கணினியில் போட்டபோது அதிலிருந்த தமிழில் ஒற்றுப்பிழை மலிந்திருந்தது. அச்செடுத்துச் சிவப்பு மையால் திருத்தினேன். அவன் அதை அனுப்பிவைத்தான். "இனி நீங்களே செய்யுங்கள்" என்று பதில் வந்தது.

இன்றைய விஷயம்: தலைமைப் பொறுப்பிலிருக்கும் ஜெர்மானியர் யோஹென் ஒரு யோசனை வைத்திருக்கிறார். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெர்கோலா நாம் திறந்து வைத்திருக்கும் எல்லாவற்றையும் தானே குறித்துக்கொள்கிறது. இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிடலாமாம். முறையாக வெளியேறுகிறவர்களுக்கு மட்டும் குறித்தால் போதுமாம். எனக்கு அபிப்பிராயம் இல்லை. அவருடைய ஆங்கிலத்தில் இரண்டு பிழைகளைச் சுட்டி எழுதினேன். "தேங்ஸ், மேன்" என்று பதில். எம். அப்பலசாமி என்று கையெழுத்துப் போடுவதன் பலன். அறுபத்தொன்பது வயதில் மேன்.

பொத்தான்களுக்கு ஒருமை ஏவல்தான் என்ற விதியை இன்று எல்லா இடத்திலும் சரிபார்த்து முடித்தேன். சேமி. திற. மூடு. வெளியேறு. மனிதர் எசமானர், யந்திரம் வேலையாள். வேலையாளிடம் 'சேமிக்கவும்' என்று கெஞ்ச வேண்டியதில்லை.

19 மே, வெள்ளி

மறுபடியுமா?

பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து அரசாங்கத்தையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். டவுனில் இந்தியர் கடைகள் எரிகின்றன. ட்ராய் நடந்தே வீடு வந்தான். சட்டையெல்லாம் புகை நாற்றம். அவன் மனைவி ரச்னாவை ஆஸ்பத்திரியில் டூட்டியிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள் — இரண்டு மாதக் கர்ப்பிணி என்று தெரிந்தும்.

எண்பத்தேழில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது என் கணவர் கார்டன் இருந்தார். வானொலியை மூடிவிட்டு வகுப்புக்குப் போனார். நானும் என் வகுப்புக்குப் போனேன். இன்று மூடுவதற்கு வானொலி இருக்கிறது. போவதற்கு வகுப்பு இல்லை.

20 மே

வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாயிற்று. ஊரடங்கு.

2 ஜூன், வெள்ளி

ரச்னாவுக்கு பிரிஸ்பேனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபர் இரண்டாம் தேதி சேர வேண்டும். விசாப் படிவங்கள் ஜூலை முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்று பேருக்கும் சேர்த்து ட்ராய் படிவம் வாங்கி வந்திருக்கிறான். நான் மூன்றாவது.

ஏழாம் பக்கம். 'இவர் முழுமையாக மற்றவரைச் சார்ந்து வாழ்பவரா? ஆம் / இல்லை.' ஆம் என்று போட்டால்தான் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்.

முப்பத்தொரு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுத்தவள் நான். இருபத்திரண்டு வயதில் பாளையங்கோட்டையிலிருந்து கார்டனுக்கு மனைவியாகக் கப்பலேறி வந்த நாளிலிருந்து யாரிடமும் கை நீட்டியதில்லை. பொய்யில் எப்படிக் குறி போடுவது? கான்வென்டில் சிஸ்டர் அகஸ்டா சின்னப் பொய்க்கே மைக்கூட்டைத் தலையில் வைத்து நிற்கச் சொல்வார்.

"சும்மா ஒரு டிக் மம்மி" என்றான் ட்ராய்.

"அப்படியானால் நீ சும்மா ஒரு பொய் சொல்லச் சொல்கிறாய்."

"நீங்க வரலைன்னா நானும் போகல. அவ்வளவுதான்."

படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை.

9 ஜூன், வெள்ளி

பெர்கோலாவின் புதிய பரிசோதனைப் பதிப்பை ட்ராய் போட்டுத் தந்தான். குறித்துக்கொள்ளும் வேலையை யோஹென் அதிலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்டார். மதியம் யாரோ மின்கம்பத்தில் வண்டியை மோத, மின்சாரம் போயிற்று. காலையிலிருந்து மொழிபெயர்த்த நாற்பது வரியும் போயின. இதுவரை எத்தனை முறை இப்படி மின்சாரம் போயிருக்கும்! அப்போதெல்லாம் திரும்பத் திறந்தால் எல்லாம் அங்கேயே இருந்தது. இருந்தபோது அது யாருடைய வேலை என்று நான் யோசித்ததே இல்லை.

முறைப்படி ஆட்சேபம் எழுதினேன். இரண்டு பத்தி. மாலைக்குள் நான்கு பதில்கள்.

முதல் பதிலில் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் 1. வேறொரு சொல்லும் இல்லை. இரண்டாவதிலும் அதுவே. எனக்கு முகம் சுட்டுவிட்டது. பத்துக்கு ஒரு மார்க்கா? அதையும் காரணம் சொல்லாமலா? திருத்துகிறவருக்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா என்று கேட்டு இருவருக்கும் காரமாக எழுதி அனுப்பிவிட்டேன்.

ட்ராய் வந்து படித்துவிட்டு நாற்காலியிலேயே சரிந்து சிரித்தான். "மம்மி, அது மார்க் இல்ல. 'நானும் உங்க கட்சி'ன்னு அர்த்தம்!"

ஊரடங்கு வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதனால் மன்னித்தேன். இருவருக்கும் மன்னிப்புக் கடிதமும் எழுதினேன்.

மூன்றாமவர் அமெரிக்கர்: பாட்டரிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எழுதினேன்: அதை விற்ற கடை எரிந்துவிட்டது.

நான்காவது யோஹென். இங்கே ஓட்டெடுப்பு கிடையாது. கருத்துகளை எண்ணுவதில்லை, எடை போடுவோம். நிரல் எழுதுகிறவர் முடிவு செய்வார். ஒருவருக்கு ஒருநாள் நடந்ததை வைத்து நான்காயிரம் வரி நிரலைச் சுமக்க முடியாது. தரவு இருந்தால் தாருங்கள்.

நியாயமான பதில். எரிச்சலாக இருந்தது.

14 ஜூன், புதன்

லவுத்தோக்காவிலிருந்து வெங்கடசாமி என்பவர் கடிதம். சர்க்கரை ஆலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமோ விசாரித்து, நான் பெண் என்றும் அறிந்திருக்கிறார். இந்தத் தீவில் என் தமிழைத் திரையில் வாசிக்கிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

'அம்மா அவர்களுக்கு வணக்கம். அறுபத்தேழு வருசமா லவுத்தோக்காவில இருக்கேன். எங்க தெருவில பாதி வீடு காலி, மிச்சப் பேரும் பெட்டி கட்டுறாங்க. நேத்து கணினியை மூடப்போனா அதுவும் என்னைப் பார்த்து வெளியேறுங்குது. அதுக்கும் நான் இங்க இருக்கிறது பொறுக்கலையா?'

விதியை விளக்கி எழுதினேன். ஏவல் வினை, கட்டளை இடுபவர் நீங்கள், பெறுவது யந்திரம்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. சேமி என்றால் யந்திரம் சேமிக்கிறது. திற என்றால் யந்திரம் திறக்கிறது. வெளியேறு என்றால்? யந்திரம் எங்கும் போவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெளியேறுகிறவர் மனிதர். இருநூறு பொத்தான்களில் இந்த ஒன்றில் மட்டும் கட்டளை திரும்பி நம்மைப் பார்க்கிறது.

என் விதியில் ஓட்டை. அதை ஒரு ஆலை எழுத்தர் கண்டுபிடித்தார். வேறு சொல் கிடைக்கவில்லை. முடி? மயிர் என்று சிரிப்பார்கள். விடைபெறு? நாடக வசனம்.

10 ஜூலை, திங்கள்

மொனசாவு அணையை ஆட்கள் பிடித்துக்கொண்டார்களாம். நீர் மின்சாரம் இல்லை. இனி முறை வைத்துத்தான் மின்சாரம், அந்த முறையும் சொன்னபடி வராது.

யோஹென் தரவு கேட்டார் அல்லவா? கேட்டது கிடைக்கும். கோடு போட்ட நோட்டு ஒன்று எடுத்தேன். போன நேரம், வந்த நேரம், இழந்தது. லவுத்தோக்காவிலும் குறித்துவைக்கும்படி வெங்கடசாமிக்கு எழுதினேன்.

11 ஜூலை. போனது 9.10, வந்தது 1.25. இழந்தது: 61 வரிகள்.

12 ஜூலை. இரண்டு முறை. 18 வரிகள், யோஹெனுக்கு எழுதிய பாதிக் கடிதம்.

13 ஜூலை. பாராளுமன்றத்தில் பிடித்துவைத்தவர்களை விட்டுவிட்டார்கள். ஐம்பத்தாறு நாள்! லிட்டியா வேலியருகே நின்று அழுதாள். நானும் அங்கே நின்றேன். இழப்பு: இல்லை, இன்று கணினியைத் திறக்கவேயில்லை.

15 ஜூலை. ஒரே வரியை நான்காம் முறை மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது. நான்காவதுதான் நன்றாக இருக்கிறது என்பதை யோஹெனிடம் சொல்லப் போவதில்லை.

18 ஜூலை. ஐந்து முறை. எழுத அலுப்பாக இருக்கிறது. கம்பி போட்ட சன்னல், ஊரடங்கு, இருட்டுப் பெட்டி. இந்த வீட்டில் நான் மூன்று தடவை சுற்றிவந்தால் ஒரு நாள் முடிகிறது.

22 ஜூலை, சனி

ரச்னா இன்று பேசிவிட்டாள். எட்டு வருஷத்தில் என் முன்னால் குரல் உயர்த்தாத பெண்.

டூட்டி முடிந்து வந்தாள். காலெல்லாம் வீக்கம். நான் நோட்டில் மின்சாரம் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே, "அந்தப் படிவம்?" என்றாள்.

"யோசிக்கிறேன்."

"ஒண்ணரை மாசமா யோசிக்கிறீங்க. இன்னும் ஒன்பது நாள். லைட் எப்ப போச்சு, எப்ப வந்துச்சுன்னு நிமிஷக் கணக்கு எழுதறீங்களே மம்மி, இது எத்தனை நாளாச்சுன்னு எந்த நோட்டில எழுதறீங்க?" எல்லாம் அவளுடைய இந்தியில். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஹம் தக் கயா, மம்மி" என்றாள். களைச்சுப் போயிட்டேன்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "வீங்கின காலைத் தொங்கப் போடாதே" என்று சொன்னேன். ஸ்டூலை நகர்த்திவைத்தேன். அவ்வளவுதான் வந்தது.

நான் என்ன தப்பு செஞ்சேன்? பொய் சொல்ல மாட்டேன்னேன். அது தப்பா? என்னை ஒரு கட்டத்தில போட்டு மூடி, பெட்டியோட பெட்டியா ஏத்திக்கிட்டுப் போகணுமா? நான் யாரையும் கட்டி வைக்கலையே. போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா?

24 ஜூலை, திங்கள்

வெங்கடசாமியின் பதிவு வந்தது. கரும்பு எடைச்சீட்டுப் போல வரிவரியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். என்னுடையதோடு சேர்த்து அனுப்பினேன். இந்த முறை கீழே 'திருமதி மிரியம் அப்பலசாமி, ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று முழுதாக எழுதினேன்.

27 ஜூலை, வியாழன்

'மதிப்புக்குரிய திருமதி அப்பலசாமி.' மேன் காணாமல் போய்விட்டார்.

யோஹென் நீளமாக எழுதியிருக்கிறார். பதினான்கு நாளில் நாற்பத்தொரு முறை. இதை எதிர்த்து வாதாட முடியாது, நான் தவறாக எடை போட்டுவிட்டேன் என்கிறார். நான்காயிரம் வரியை அறுநூறு வரியாகச் சுருக்கித் தானே திரும்ப எழுதுவதாகவும் சொல்கிறார். தவறை இவ்வளவு சுத்தமாக ஒப்புக்கொள்கிற ஆண்பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. வசதியை வைத்துவிட்டு, வேண்டுமென்கிறவர் தேடிப்போய்ப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடலாமா? அல்லது முதலிலிருந்தே அது ஓடிக்கொண்டிருக்கட்டுமா? சிலர் முந்தியதைக் கேட்கிறார்கள். யோஹென் எழுதியதை அப்படியே தமிழில் எழுதிவைக்கிறேன்:

'யோசித்து முடிவெடுக்கிறவர் எதுவானாலும் தானே மாற்றிக்கொள்வார். அவருக்காக நாம் இங்கே விவாதிக்கவில்லை. ஒன்றுமே செய்யாமல் இருக்கிறவருக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் நாம் முடிவு செய்கிறோம். எதுவும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான்.'

அதற்கு அவர்கள் டிஃபால்ட் என்கிறார்கள். தமிழ்ச் சொல் வேண்டுமே என்று கான்வென்டில் பரிசு வாங்கிய அகராதியை எடுத்தேன். கணினி இல்லாத காலத்து அகராதி. அதில் அந்தச் சொல்லுக்கு நேரே இரண்டே சொற்கள்: கடமை தவறுதல்.

அகராதியை இழுப்பறைக்கு மேல் மூடிவைத்தேன். உள்ளே படிவம்.

நான் யாரையும் கட்டிவைக்கவில்லை என்று சனிக்கிழமை எழுதியிருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன நடக்கும்? முப்பத்தொன்றாம் தேதி தானாக வரும். ரச்னாவின் வேலை தானாகப் போகும். பிள்ளை இங்கே, இந்தக் கம்பிக்குள் பிறக்கும். அதில் என் கையெழுத்து எங்கும் இருக்காது. ஆனால் எல்லாம் நான் செய்ததாக இருக்கும்.

29 ஜூலை, சனி

ஏழாம் பக்கத்தில் 'இல்லை' என்பதில் குறி போட்டேன். தெளிவாக, கட்டத்துக்கு வெளியே போகாமல்.

ட்ராய் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்படிப் போட்டா உங்களைச் சேர்க்க மாட்டாங்க மம்மி."

"தெரியும். நீங்கள் இருவர் போகிறீர்கள்."

"நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன்? என்ன பேச்சு இது?"

"போ."

"ஆர்டரா?"

"ஆமாம். ஒருமை ஏவல்."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. என்னைக் காரணமாக வைத்து நீ இங்கே நின்றால் நான் உனக்கு ஜெயில், ஜெயிலாக இருக்க எனக்குச் சம்மதமில்லை என்றேன். பார்த்துக்கொள்ள லிட்டியா இருக்கிறாள், பென்ஷன் இருக்கிறது, பெர்கோலா இருக்கிறது. எனக்கு என்ன கஷ்டம்?

ரச்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறர் என் கையைப் பிடிப்பது எனக்குப் பழக்கமில்லை. விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

பெர்கோலாவுக்கும் எழுதினேன்: முதலிலிருந்தே ஓடட்டும். கூட்டல் ஒன்று, கூட்டல் ஒன்று என்று பதினேழு பேர். இம்முறை புரிந்தது.

23 செப்டம்பர், சனி

நாந்தி விமான நிலையத்துக்கு டாக்சி ஆறு மணிக்கே வந்துவிட்டது. அவ்வளவு தூரம் நான் வரவில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

இழுப்பறையில் ரச்னா எதையோ வைப்பதைப் பார்த்தேன். பிறகு திறந்தால் புதுப் படிவம் ஒன்று, என் பெயர் மட்டும் எழுதி. ஏழாம் பக்கம் காலி.

லிட்டியா வேலியருகே வந்து நின்று "மொதே, மொதே" என்றாள். அவர்களுக்குத் தூங்கு என்பதற்கும் போய்வா என்பதற்கும் அது ஒன்றே சொல்.

ட்ராய் கதவருகில் நின்று, "நான் போறேன் மம்மி" என்றான்.

"போறேன் என்று சொல்லக்கூடாது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்."

நாற்பது வயது ஆள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்று, "போயிட்டு வர்றேன்" என்றான்.

"சரி" என்றேன். திருத்த வேறு பிழை இல்லை.

9 அக்டோபர், திங்கள்

வெளியேறு என்ற பொத்தானைப் போன வாரம் மாற்றினேன். 'போய் வருகிறேன்.' ஏவல் அல்ல, விதிக்கு விலக்கு. யந்திரம் நம்மிடம் சொல்வதல்ல, நாம் அதனிடம் சொல்லிக்கொள்வது. பொத்தானுக்குள் அடங்கவில்லை, கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டு 'போய் வரு' என்று நிற்கிறது என்று யோஹெனுக்கு எழுதினேன். காரணம் கேட்டார். எங்களில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை என்றேன். மறுநாளே பொத்தானை அகலமாக்கிவிட்டார். தரவு கேட்கவில்லை.

வெங்கடசாமி: 'இப்ப மரியாதையா கிளம்புறேன் அம்மா. திரும்ப வரவும் தோணுது.'

21 அக்டோபர், சனி

இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. நானே கணினியில் போட்டேன். நான்கு மணி நேரம், இரண்டு தப்பு. காட்டுவதற்கு ஆள் இல்லை.

ட்ராய் வாரம் ஒரு கடிதம் தமிழில் கேட்கிறான். சின்ன வயதில் அடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து. கூட்டிக் கூட்டி வாசிப்பானாம், ரச்னாவுக்கு இந்தியில் சொல்வானாம். மழை, கூரை, லிட்டியா என்று எழுதுகிறேன்.

30 அக்டோபர்

இன்று யாரோடும் பேசவில்லை என்பது மாலையில்தான் தெரிந்தது. 'மூடு' என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், குரல் இருக்கிறதா என்று.

2 நவம்பர், வியாழன்

சுடறாங்க. கிட்டத்திலதான் — நபுவா முகாம் பக்கம். பட்டாளமே ரெண்டா பிரிஞ்சு சுட்டுக்கிறாங்களாம். மதியம் ஒரு மணிக்குத் தொடங்கிச்சு. அடுக்களைத் தரையில உட்கார்ந்து எழுதறேன். லிட்டியா பின்கதவு வழியா ஓடிவந்து, "புபு, சன்னல்கிட்ட நிக்காதீங்க" என்று என்னை இழுத்து உட்கார வச்சா.

மின்சாரம் போச்சு. 3.40. நேரத்தை ஏன் எழுதறேன்? யாருக்கு?

3 நவம்பர், வெள்ளி

மின்சாரம் காலை 10.15-க்கு வந்தது. சத்தம் ஓய்ந்துவிட்டது. தெருவில் ஊரடங்கு.

கணினியைத் திறந்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. நேற்று இருந்த இடத்தில் நேற்று இருந்தபடி எல்லாச் சன்னல்களும் தாமாகவே வந்து நின்றன. அகராதிக் கோப்பு, யோஹெனின் கடிதம், ட்ராய்க்கு நான் எழுதிக்கொண்டிருந்தது.

மழை. கூரை. லிட்டியா கொடுத்த கிழங்கு. கடைசி வரி:

'இங்கே தனியாக இருப்பது எனக்குக் கஷ்டம்'

அதற்குப் பின் 'இல்லை' என்று ஒரு சொல் வர வேண்டும். அதை அடிப்பதற்குள் முதல் வெடிச்சத்தம் கேட்டது. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அந்தச் சொல்லுக்குரிய இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டு நின்றது.

வரியைப் பலமுறை படித்தேன். எழுவாய் இருக்கிறது. பெயர்ப் பயனிலை இருக்கிறது. வாக்கியம் குறைபட்டது என்று சொல்ல இலக்கணத்தில் இடமில்லை.

பிறகு ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். அனுப்பினேன்.